வறண்ட மேட்டுநிலத்தில் ஒரு முக்குளிப்பு: சாந்தா ரோசா நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆண்டு முழுவதற்குமாகச் சராசரியாக 350 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெறும் மேட்டுநிலம் அது. அதன் மிகப்பெரிய நகரமான ஆல்புகெர்க்கி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. வேலை நிமித்தம் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியர், ஏப்ரல் மாதம் மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்குச் சென்று முக்குளிக்க (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்குள் இறங்க) முன்பதிவு செய்திருந்தனர். மனைவி புதுச்சேரிக் கடலிலும் கணவர் அந்தமானிலும் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர்கள். மனைவி ஒன்பது முறையும் கணவர் பதினான்கு முறையும் முக்குளித்திருந்தனர். இருவரும் நீருக்குள் இறங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பயணத்துக்கு முன்பு ஒருமுறையாவது அருகில் எங்காவது இறங்கிப் பழக வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை.

நான் அதே நகரத்தில் வசிப்பவன். வழிகாட்டி நிலைச் சான்றிதழ் உடையவன். எனது முந்நூறுக்கும் மேற்பட்ட முக்குளிப்புகளில் பெரும்பாலானவை கடலில் நிகழ்ந்தவை. உயரமான நிலப்பகுதிகளில் நான் இறங்கியது அதற்கு முன் ஐந்தே முறை. ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த, அறுபது முக்குளிப்புகளைக் கடந்த நண்பர் ஒருவர் நான்காவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். சாந்தா ரோசா என்ற சிற்றூரின் ஊற்றில் தம்பதியர் திட்டமிட்டதைவிட ஆழமாக இறங்கி, வேகமாக மேலேறிய நிகழ்வைப் பற்றியது இந்த ஆய்வு. திட்டமிடும் பொறுப்பு என்னிடமே இருந்தது. ஆகவே இந்த ஆய்வில் குறை என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி என் முடிவுகளைப் பற்றியதுதான். மற்ற மூவரின் ஒப்புதலுடன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

இடம் தேடியது

வறண்ட நிலத்தில் முக்குளிக்க இடமே இருக்காது என்று பலர் எண்ணுவதுண்டு. எங்கள் தேடலில் அது உண்மையல்ல என்று விரைவிலேயே தெரிந்தது. நீர் இருக்கும் இடங்கள் மூன்று வகைப்பட்டன: அணைக்கட்டு நீர்த்தேக்கங்கள், சுண்ணாம்பும் ஜிப்சமும் கரைந்து நிலம் உள்வாங்கியதால் உண்டான குழி ஏரிகள், ஊற்றுகள்.

நீர்த்தேக்கங்களை முதலிலேயே விலக்கினோம். ரியோ கிராண்டே ஆற்றின் மீதுள்ள எலிஃபன்ட் பியூட் நீர்த்தேக்கம் மாநிலத்தில் மிகப்பெரியது. ஆயினும் பாசனத்துக்குத் திறந்துவிடுவதாலும் நீண்ட வறட்சியாலும் அதன் நீர்மட்டம் பெரிதும் ஏறி இறங்குகிறது, வண்டல் கலங்கலில் பார்வைத் தூரமும் குறைவு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு இறங்கும் இருவரை, ஒருவரையொருவர் காண முடியாத நீரில் இறக்குவதில் பொருளில்லை.

ராஸ்வெல் நகரத்துக்கு அருகிலுள்ள பாட்டம்லெஸ் லேக்ஸ் 1933-இல் மாநிலத்தின் முதல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள லீ ஏரியில் முக்குளிக்க அனுமதி உண்டு, ஆழம் ஏறத்தாழ 27 மீட்டர். ‘அடியில்லாத ஏரிகள்’ என்ற பெயரைக் கேட்டு மனைவி சற்றுத் தயங்கினார் என்பது ஒருபுறமிருக்க, ஆல்புகெர்க்கியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும் என்பதும் காற்று நிரப்ப ஏரிக்கரையில் வசதி இல்லை என்பதும் எங்களுக்குத் தடையாயின. டெக்சாஸின் மேற்கே பால்மோரியாவில் சான் சாலமோன் ஊற்றைச் சூழ்ந்து 1930-களில் கட்டப்பட்ட பெரிய குளம் பழகுவதற்கு மிக ஏற்றது: ஆழம் 7.6 மீட்டர் வரைதான், நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 22 முதல் 24 டிகிரி செல்சியஸ், அழிவின் விளிம்பில் உள்ள சிறு மீன்களையும் காணலாம். ஆனால் ஒரு வாரயிறுதிக்குள் சென்று திரும்ப முடியாத தொலைவு. இப்போது நினைக்கையில், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே சென்றிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

எஞ்சியது சாந்தா ரோசா. இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலையில் ஆல்புகெர்க்கியிலிருந்து கிழக்கே சுமார் 185 கிலோமீட்டர் தொலைவில், பழைய ரூட் 66 சாலை கடந்துசெல்லும் சிற்றூர். அங்குள்ள புளூ ஹோல் ஓர் ஆர்ட்டீசியன் ஊற்று, அதாவது நிலத்தடி அழுத்தத்தால் நீர் தானாகவே மேலே வரும் ஊற்று. நிமிடத்துக்கு 11,000 லிட்டருக்கு மேல் நீர் ஊறி வெளியேறுவதால் நீர் எப்போதும் தெளிவாகவே இருக்கிறது. மேற்பரப்பில் 18 மீட்டர் அகலம், அடியில் ஏறத்தாழ 40 மீட்டர் அகலம், 25 மீட்டர் ஆழம் என மணி போன்ற வடிவம். வெப்பநிலை கோடையிலும் குளிர்காலத்திலும் 16 முதல் 17 டிகிரி. அடித்தளத்திலிருந்து தொடங்கும் குகை வழி இரும்புக் கம்பிகளால் அடைக்கப்பட்டிருக்கிறது. 1976-இல் இளம் முக்குளிப்போர் இருவர் அதற்குள் இறந்ததைத் தொடர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு அது. பிற்காலத்தில் சிறப்பு அனுமதியுடன் குகையை ஆராய்ந்த குழுவைச் சேர்ந்த ஒருவரும் 2016-இல் அங்கே உயிரிழந்தார். இந்த வரலாற்றை இறங்குவதற்கு முன்பே மூவரிடமும் சொன்னேன். அடித்தளம் வரை செல்லும் எண்ணமே எங்களுக்கு இல்லை.

காற்றும் சிலிண்டரும் உடையும்

நீரைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. வசதிகளைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின.

கடலோர ஊர்களில் முக்குளிப்புக் கடை என்பது படகு, சிலிண்டர், உடை, வழிகாட்டி, அவசர ஆக்சிஜன் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடம். உள்நிலத்தில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நாளில் கிடைக்கும். என்னிடமிருந்த கடைகளின் பட்டியல் சில ஆண்டுகள் பழையது. அதிலிருந்த ஒரு கடை மூடப்பட்டிருந்தது, மற்றொன்று நீச்சல் பயிற்சி மட்டும் அளிக்கும் நிறுவனமாக மாறியிருந்தது. புளூ ஹோல் அருகே காற்று நிரப்பும் வசதி வாரயிறுதியில் மட்டும் இயங்குவதாகத் தொலைபேசியில் அறிந்தோம். அதனால் எங்கள் நாள் தானாகவே சனிக்கிழமையாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பயிற்சி வகுப்பு நடத்துவோர் அனைவருக்கும் அதே காரணத்தால் அதே சனிக்கிழமைதான் என்பதை நான் யோசிக்கவில்லை. அதன் விளைவைப் பின்னால் கூறுகிறேன்.

கணவரிடம் சொந்தமாக ஓர் அலுமினிய சிலிண்டர் இருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி இத்தகைய சிலிண்டர்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி, தோள்பகுதியில் தேதியைப் பொறிக்க வேண்டும். ஆண்டுதோறும் உட்புறத்தைக் கண்ணால் பரிசோதிப்பதும் வழக்கம். அவருடைய சிலிண்டரில் பொறித்த தேதி ஏழு ஆண்டுகளுக்கு முந்தையது. கடைக்காரர் நிரப்ப மறுத்தார். அது சரியான மறுப்பு. தீயணைப்புக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு பட்டறை அந்தச் சோதனையைச் செய்து தருவதாக அறிந்தோம். முக்குளிப்புக் கடை இல்லாத ஊர்களிலும் இப்படிப்பட்ட பட்டறைகள் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும். ஆனால் பத்து நாள் ஆகும் என்றதால் நான்கு சிலிண்டர்களையும் வாடகைக்கு எடுத்தோம்.

உடை விஷயத்தில் தம்பதியருக்கு இருந்த அனுபவம் 28 டிகிரி கடல்நீரில் மூன்று மில்லிமீட்டர் வெட்சூட் அணிந்தது மட்டுமே. 16 டிகிரிக்கு ஏழு மில்லிமீட்டர் கொண்ட இரண்டு அடுக்கு உடை, தலையுறை, தடித்த கையுறை ஆகியவற்றை வாடகைக்கு எடுத்தோம். கடையில் அளவு பார்த்தார்களே தவிர, அதை அணிந்துகொண்டு நீச்சல் குளத்தில் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்கவில்லை. நகரத்தில் குளங்கள் இருந்தன, நேரமும் இருந்தது. நான் அதை வலியுறுத்தவில்லை.

உயரத்தைக் கணக்கிட்டதும் கணக்கிடாததும்

புளூ ஹோல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. நீருக்குள்ளிருந்து மேலே வரும்போது உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவது அழுத்த விகிதத்தைப் பொறுத்தது. மேற்பரப்பில் அழுத்தம் குறைவாக இருந்தால் அதே ஆழத்திலிருந்து வருவதும் உடலுக்குப் பெரிய மாற்றமாகும். ஆகவே எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று காட்டும் கடல்மட்ட அட்டவணைகளைப் பயன்படுத்துவோர் உண்மையான ஆழத்தைக் கூட்டிக் கணக்கிடுவர். 12 மீட்டர் ஆழத்தை 14 மீட்டர் ஆகவும், 21 மீட்டரை 25 மீட்டர் ஆகவும் கொள்ள வேண்டும். 300 மீட்டருக்கு மேற்பட்ட எந்த இடத்துக்கும் உயர முக்குளிப்பு நடைமுறை பொருந்தும் என்பது பயிற்சி நிறுவனங்கள் கற்பிக்கும் விதி.

இதை எல்லாரிடமும் விளக்கினேன். மூவருடைய டைவ் கம்ப்யூட்டர்கள் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் மணிக்கட்டுக் கருவிகள்) உயரத்தைத் தாமாகவே உணர்ந்துகொள்ளும் வகை. கணவருடையது கையால் மாற்ற வேண்டிய பழைய வகை, அதை மாற்றினோம். கடல்மட்டத்திலிருந்து உயரமான இடத்துக்கு வந்தவர் இறங்குவதற்கு முன் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி ஹூஸ்டன் நண்பருக்குப் பொருந்தியது. அவர் முந்தைய நாள் மாலையே வந்துவிட்டதால் சிக்கல் இல்லை. மற்ற மூவரும் புளூ ஹோலைவிட உயரமான ஊரில் வசிப்பவர்கள்.

இவ்வளவு கணக்கிட்ட நான், திரும்பும் வழியின் உயரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. நானறிந்த சாந்தா ரோசா 1,400 மீட்டர், ஆல்புகெர்க்கி 1,600 மீட்டர். இருநூறு மீட்டர் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று என்று மனத்துக்குள் முடித்துவிட்டேன். இடையில் உள்ள கிளைன்ஸ் கார்னர்ஸ் பகுதியில் நெடுஞ்சாலை 2,100 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஊற்றின் கரையிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். அந்தச் சாலையில் நான் பலமுறை போயிருக்கிறேன், உச்சியில் காது அடைத்ததும் நினைவிருக்கிறது. ஆயினும் அதை முக்குளிப்போடு சேர்த்து எண்ணத் தோன்றவில்லை. விமானத்தில் ஏறுவதாயிருந்தால் நால்வரும் மணி பார்த்திருப்போம்.

முக்குளிப்போருக்கு மருத்துவ ஆலோசனை தரும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை, ஒற்றை முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் முக்குளித்தபின் 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கு ஒப்பான, விமானத்தினுள் உள்ள காற்றழுத்தத்தை முன்னிட்டு வகுக்கப்பட்ட பரிந்துரை அது. அமெரிக்கக் கடற்படையின் கையேட்டில், முக்குளித்தபின் எவ்வளவு உயரம் கூடுதலாக ஏறுகிறோம், உடலில் எவ்வளவு நைட்ரஜன் மீந்திருக்கிறது என்ற இரண்டையும் பொருத்திக் காத்திருப்பு நேரத்தைத் தரும் தனி அட்டவணையே உண்டு. எங்கள் பாதையில் கூடுதல் ஏற்றம் 700 மீட்டருக்கு மேல். இவை எல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. திட்டத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு.

முக்குளித்த காலை

அக்டோபர் இறுதி, காற்றின் வெப்பநிலை நீரைவிடச் சற்றுக் குறைவு. நகராட்சி அனுமதிச் சீட்டைப் பெற்று, சான்றிதழ்களைக் காட்டிவிட்டு, பத்தரை மணிக்குக் கரையை அடைந்தபோது இரண்டு பயிற்சி வகுப்புகள் ஏற்கெனவே நீரில் இருந்தன. பயிற்சிக்காக நீருக்குள் அமைக்கப்பட்ட மேடை முழுவதும் மாணவர்களால் நிறைந்திருந்தது. அந்த மேடையில் முழங்காலிட்டு மிதப்பைச் சரிபார்ப்பதே எங்கள் திட்டத்தின் முதல் படி. அது நிறைந்திருந்ததால், சுவரோரமாக நேரடியாக இறங்கி 12 மீட்டரில் நிற்பது என்று கரையிலேயே மாற்றினேன். சாய்வான கடற்கரையில் இறங்கிப் பழகியவர்களுக்குக் காலுக்குக் கீழே எப்போதும் ஒரு தரை இருக்கும். இங்கே கிணறு போல் செங்குத்தாக இறங்கும் நீரில் அப்படி எதுவுமில்லை. மேடையை விட்டுக்கொடுத்ததன் பொருள் அதுதான் என்பதை அப்போது நான் முழுமையாக உணரவில்லை.

அடுத்தது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடை. கடல்நீரிலிருந்து நன்னீருக்கு வருபவர் எடையைக் குறைக்க வேண்டும். உடலும் சாதனங்களும் சேர்ந்து 80 கிலோ என்றால் சுமார் 2 கிலோ. தடித்த உடைக்கு மாறுபவர் எடையைக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சரிக்கட்டும் கணக்கு அனுமானம்தான். நீரில் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். சோதித்தபோது மனைவியால் மூழ்க முடியவில்லை. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டதும் அவர் வேகமாக, நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்; புதிதாக நனைந்த உடையின் மடிப்புகளில் காற்றும் தங்கியிருந்தது. ஐந்து நிமிடம் மிதந்துகொண்டே இருந்து, மூச்சு அமைதியடைந்தபின் மீண்டும் பார்த்திருக்க வேண்டும். கரையில் அடுத்த வகுப்பு காத்திருந்தது. நான் 2 கிலோவைக் கூட்டிக் கொடுத்தேன்.

11:10-க்கு இறங்கினோம். ஆறு மீட்டர் வரை இயல்பாக இருந்தது. அதற்குக் கீழே உடை அழுத்தத்தில் நசுங்கத் தொடங்கியது. ஏழு மில்லிமீட்டர் உடை மேற்பரப்பில் தரும் மிதப்பில் கணிசமான பங்கு பத்து மீட்டருக்குள் போய்விடும். மனைவியின் மூச்சும் அமைதியடைந்துவிட்டதால் கூடுதலாகக் கட்டிய 2 கிலோ இப்போது முழுமையாக வேலை செய்தது. அவர் வேகமாகக் கீழே சென்றார். மிதவை அங்கிக்குக் காற்றூட்டும் பொத்தானைத் தடித்த கையுறையால் உணர முடியாமல் காற்றை வெளியேற்றும் பொத்தானை அழுத்தியதாகப் பின்னர் சொன்னார். நான் கணவருக்கு அப்பால், மூன்று மீட்டர் தொலைவில் இருந்தேன். கணவர் பின்தொடர்ந்து இறங்கி, 21 மீட்டரில் மனைவியின் சிலிண்டரின் தலைப்பகுதியைப் பிடித்தார்.

பிடித்த வேகத்திலேயே கணவர் இருவருடைய அங்கிகளிலும் காற்றை நிரப்பினார். மேலே வருகையில் அந்தக் காற்றும் நசுங்கிய உடையும் சேர்ந்து விரிந்தன. இருவரும் 21 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை, நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற வரம்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் உயர்ந்தனர். பத்து மீட்டரில் நான் எட்டிப் பிடித்து இருவருடைய காற்றையும் வெளியேற்றினேன். சுவரில் கைவைத்து நின்றோம். அனைவரும் சமநிலை அடைந்தபின் ஐந்து மீட்டரில் ஐந்து நிமிடம் தங்கி 11:32-க்கு மேலே வந்தோம். ஹூஸ்டன் நண்பர் இவ்வளவு நேரமும் சரியான ஆழத்தில் எங்களைப் பார்த்தபடி இருந்தார். திட்டத்தைக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவரே.

தோள்வலியும் தொலைபேசியும்

பிற்பகல் முக்குளிப்பை உடனே கைவிட்டேன். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. 21 மீட்டரில் தங்கியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, மொத்த நேரமும் 22 நிமிடம்தான் என்பதால் உடலில் சேர்ந்த நைட்ரஜன் குறைவே. கவலைக்குரியது வேகமான ஏற்றம். ஆயினும் இருவரும் நலமாக இருந்ததால், சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்கு ஊருக்குத் திரும்பலாம் என்றே பேசிக்கொண்டோம். சாலையின் உயரம் அப்போதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சாமான்களைக் காரில் ஏற்றும்போது மனைவி, “அண்ணா, இடது தோள் வலிக்குது. காலையில டேங்கைத் தூக்கினதாலதான் இருக்கும்” என்றார். அந்த விளக்கம் சரியாகவும் இருக்கலாம். வலியை அனுபவிப்பவரே முன்வந்து சொல்லும் எளிய காரணத்தை ஏற்றுக்கொள்வது முக்குளிப்பில் பழைய தவறு. வேகமாக மேலேறியவருக்கு மூன்று மணி நேரத்தில் தோளில் வலி என்பது அழுத்தநீக்க நோயின் (கரைந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாவதால் வருவது) பாடநூல் அறிகுறிகளில் ஒன்று. அவரை உட்கார வைத்து, டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண்ணை அழைத்தேன்.

எடுத்தவர் ஆழம், நேரம், வேகம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டபின் கேட்ட கேள்வி, நாங்கள் எந்த உயரத்தில் இருக்கிறோம், எந்தத் திசையில் போகப்போகிறோம் என்பது. ஆல்புகெர்க்கி என்றேன். இடையில் சாலை எவ்வளவு உயரம் ஏறும் என்று அடுத்ததாகக் கேட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

நோய் இருக்கும் நிலையில் 2,100 மீட்டருக்கு ஏறினால் உடலிலுள்ள குமிழிகள் விரிவடையும். வீடும் பழக்கமான மருத்துவமனைகளும் மேற்கே. மேற்கே செல்லும் வழியெல்லாம் மலை. தெற்கே வான், மவுன்டன்ஏர் ஊர்கள் வழியாகச் சுற்றினாலும் ஏறத்தாழ 2,000 மீட்டரைக் கடந்தாக வேண்டும். கிழக்கே டெக்சாஸின் அமரில்லோ சுமார் 270 கிலோமீட்டர். தொலைவு கூடுதல்தான், ஆனால் உயரம் 1,100 மீட்டர், வழியில் பெரிய ஏற்றமும் இல்லை. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் வீட்டை நோக்கிப் போகாமல் அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும் என்பது, அதுவரை எங்கள் நால்வரில் ஒருவர் மனத்திலும் இல்லாத எண்ணம்.

இந்த நோய்க்கு உயரழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் மறுஅழுத்த அறையைப் பற்றியும் அப்போதுதான் கற்றுக்கொண்டோம். முந்தைய வாரம் நான் ஒரு பெயரைக் குறித்து வைத்திருந்தேன்; அங்கே அழைத்தபோது, ஆறாத புண்களுக்கான ஆக்சிஜன் சிகிச்சையை முன்பதிவின்பேரில் அளிக்கும் இடம் அது, முக்குளிப்போரை ஏற்பதில்லை என்றனர். உயரழுத்த அறை இருப்பதும் அது இரவு நேரத்தில் முக்குளிப்பு நோயாளியை ஏற்பதும் வேறு வேறு. எந்த இடம் அன்று ஏற்கும் என்பதை அவசர எண்ணில் இருப்பவர்கள்தான் விசாரித்துச் சொல்கிறார்கள்.

எங்கள் அடுத்த செயல்கள் அவர்கள் கூறியபடி நடந்தன. எங்களிடம் அவசர ஆக்சிஜன் இல்லை. கரையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பயிற்சியாளர் ஒருவர் தம்முடைய பெட்டியைத் தயங்காமல் கொடுத்தார். வகுப்பில்லாத ஒரு நாளில் வந்திருந்தால் அதுவும் கிடைத்திராது. மூன்று மணிக்கு ஆக்சிஜன் தொடங்கியது. நான்கு மணிக்கு ஊரிலுள்ள சிறிய மருத்துவமனைக்குச் சென்றோம். பணியிலிருந்த மருத்துவர் முக்குளிப்பு மருத்துவத்தில் தமக்கு அனுபவம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அவசர எண்ணிலிருந்த மருத்துவரோடு நேரடியாகப் பேசினார். நரம்பு மண்டலப் பரிசோதனையை ஒவ்வொரு படியாகச் செய்தார்: பார்வை, நடை, கைப்பிடி, தொடுவுணர்வு, சமநிலை. எல்லாம் இயல்பாக இருந்தன. வலி ஆக்சிஜனால் குறையவுமில்லை, கூடவுமில்லை. கையை உயர்த்தும்போது மட்டும் அதிகரித்தது, தசையை அழுத்தினால் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் வலித்தது. தசைப்பிடிப்பு என்பதே இரு மருத்துவர்களின் முடிவு. எனினும் அன்றிரவு மலையேற வேண்டாம், புதிய அறிகுறி தோன்றினால் உடனே வரவும் என்றனர்.

அன்றிரவும் மறுநாளும்

இரண்டு அறைகள் எடுத்துத் தங்கினோம். நால்வரில் இருவருக்கு மறுநாள் காலை வேலை தொடர்பான கடமைகள் இருந்தன. ஒருவர் மட்டும் காரில் போய்விடலாமா என்ற பேச்சும் எழுந்தது. கணவரும் அதே வேகத்தில் மேலே வந்தவர் என்பதால் அவர் போவதில்லை என்று முடிவாயிற்று. ஹூஸ்டன் நண்பரின் விமானத்தைத் திங்களுக்கு மாற்றினோம். அதற்கான கட்டணம் இந்த முழுப் பயணச் செலவைவிட அதிகம்.

இரவு ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் பரிசோதனையை மீண்டும் செய்து குறித்துக்கொண்டோம். காலை பத்து மணிக்கு, முக்குளித்து 22 மணி நேரத்துக்கு மேல் கடந்தபின் புறப்பட்டோம். கிளைன்ஸ் கார்னர்ஸில் வண்டியை நிறுத்தி இருவரையும் விசாரித்தேன், மாற்றம் ஏதுமில்லை. தோள்வலி நான்கு நாளில் தீர்ந்தது. அவருடைய குடும்ப மருத்துவரும் தசைப்பிடிப்பு என்றே உறுதி செய்தார்.

நோய் இல்லை என்று தெரிந்ததால் அன்று எடுத்த முடிவுகள் மிகையாகிவிடவில்லை. ஆனால் மற்றொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்: அந்தத் தோள் வலிக்காமல் இருந்திருந்தால், வேகமாக மேலேறிய இருவரையும் ஏறத்தாழ நான்கு மணி நேர இடைவெளியில் 2,100 மீட்டருக்கு நானே ஓட்டிச் சென்றிருப்பேன்.

மாற்றிக்கொண்டவை

இப்போது நான் திட்டத்தை எழுதும் தாளில் ஆழத்துக்கு முன்பே சாலை வருகிறது. முக்குளிப்பு இடத்தின் உயரம், வீடுவரையுள்ள பாதையின் உச்சி, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு, இடத்தைவிடத் தாழ்வாக உள்ள மிக அருகிலுள்ள பெரிய நகரம் ஆகிய நான்கையும் முதலில் எழுதுகிறேன். சாந்தா ரோசாவுக்கு நான்காவது இடத்தில் அமரில்லோ என்று எழுதியிருக்கிறது. உட்டாவிலோ கொலராடோவிலோ இறங்குவோர் தங்கள் மலைக்கணவாய்களை இதே முறையில் பார்க்கலாம். ஊருக்கு ஊர் விடை மாறும். சனிக்கிழமை முக்குளித்தால் ஞாயிறு பிற்பகலில்தான் திரும்புவது என்பதை அழைப்பின்போதே சொல்லிவிடுகிறேன். அதனால் சிலர் வருவதில்லை.

ஆக்சிஜன் பெட்டியை ஆல்புகெர்க்கியிலேயே வாடகைக்கு எடுத்துச் செல்கிறோம். கரையில் யாரிடமாவது இருக்கும் என்று எண்ணிப் போவது திட்டமாகாது. கடைகளின் பட்டியலை ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து நாள் முன்பு தொலைபேசியில் சரிபார்க்கிறேன். திறந்திருக்கும் நாளோடு, அன்று எத்தனை வகுப்புகள் நீரில் இருக்கும் என்றும் கேட்கிறேன். மேடை நிறைந்திருந்தால் காத்திருப்போம், அல்லது மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவோம்.

எடையைப் பற்றி ஒரு விதி: கரையில் காத்திருக்கும் வரிசைக்காக எடை கூட்டுவதில்லை. மூழ்க முடியாதவர் முதலில் பத்து நிமிடம் நீரில் மிதக்கட்டும். தடித்த உடை, தலையுறை, கையுறை மூன்றையும் முதல் முறை அணிபவர் நீச்சல் குளத்தில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பொத்தான்களையும் பிரித்தறிய முடிந்தபின்பே ஊற்றுக்கு வருகிறார். புதியவர்கள் இருவர் இணையாகச் செல்வதையும் நிறுத்திவிட்டேன். தம்பதியர் சேர்ந்து முக்குளிக்க விரும்புவது இயல்பு. அன்று கணவர் பின்தொடர்ந்ததால்தான் மனைவி 21 மீட்டரில் நின்றார் என்பதும் உண்மை. ஆனாலும் அவர் அருகில் இருந்திருக்க வேண்டியவன் நான்.

தம்பதியர் மார்ச் மாதத்தில் மீண்டும் வந்தனர். அதற்குள் குளத்தில் மூன்று முறை இறங்கியிருந்தனர். மனைவியின் எடைப்பட்டையில் முன்பு இருந்ததைவிட 3 கிலோ குறைந்திருந்தது. கையுறையைச் சற்று மெல்லியதாக மாற்றியிருந்தார். மேடை காலியாகும்வரை நாற்பது நிமிடம் காத்திருந்து, ஒன்பது மீட்டருக்கு மேற்படாமல் இரண்டு முறை இறங்கினோம். மாலையில் அதே விடுதியில் தங்கினோம். மறுநாள் சாலையின் உச்சியைக் கடந்தபோது கடைசி முக்குளிப்பிலிருந்து இருபது மணி நேரம் ஆகியிருந்தது. பின்னிருக்கையில் மனைவி உறங்கிக்கொண்டிருந்தார், கணவர் மணிக்கட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.